கசாண்ட்ரா கிளஸ்டரில் நோடு சேர்ப்பதும் நீக்குவதும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

கசாண்ட்ரா என்பது தரவைப் பல கணினிகளில் பிரதியெடுத்து வைக்கும் தரவுத்தளம்; ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு, அவை சேர்ந்தது கிளஸ்டர். இங்கே சொல்லப்படுபவை அப்பாச்சி கசாண்ட்ரா 3.11 முதல் 4.1 வரையுள்ள பதிப்புகளுக்குப் பொருந்தும். அறிகுறி எதுவானாலும் ஒன்றை முதலில் நினைவில் வையுங்கள். புதிய நோடு சேர்ந்த பிறகும், கைமாறிப்போன தரவைப் பழைய நோடுகள் தாமாக அழிப்பதில்லை. நோட்டூல் என்பது கசாண்ட்ராவின் நிர்வாகக் கட்டளைக் கருவி; நீங்கள் அதில் கிளீனப் ஓட்டும்வரை அந்தப் பிரதி டிஸ்க்கிலேயே கிடக்கும். அதனால் கிளீனப்புக்கு முன் நேரும் பெரும்பாலான தவறுகளைத் திருத்திவிடலாம். அதற்குப் பின் நேர்ந்தவற்றைத் திருத்துவது பாடு. ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் முதல் வேலை, கிளீனப்பை யாரும் ஓட்டாமல் பார்த்துக்கொள்வது. தானியங்கி ஸ்கிரிப்ட்டிலோ கிரானிலோ அது இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

## கை வைக்கும் முன்

மூன்று கட்டளைகளின் வெளியீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நோட்டூல் ஸ்டேட்டஸ்: இதைக் குறைந்தது இரண்டு நோடுகளிலிருந்து ஓட்டுங்கள். இரண்டும் ஒரே படத்தைக் காட்டவில்லை என்றால் அதுவே ஒரு தடயம். யு.என். என்றால் நலம். யு.ஜே. சேர்ந்துகொண்டிருக்கிறது, யு.எல். விலகிக்கொண்டிருக்கிறது, டி.என். விழுந்து கிடக்கிறது.

நோட்டூல் டிஸ்கிரைப்கிளஸ்டர்: ஸ்கீமா (அட்டவணைகளின் அமைப்பு) வெர்ஷன் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சேர்ப்பதும் வேண்டாம், நீக்குவதும் வேண்டாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் ஒத்துவராத நோடை மறுதொடக்கம் செய்தாலே சரியாகிவிடும்.

நோட்டூல் நெட்ஸ்டேட்ஸ்: யாருக்கும் யாருக்கும் இடையே ஸ்ட்ரீமிங் (தரவு நகர்வு) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இது சொல்லும்.

எல்லா நோடுகளிலும் ஒரே பதிப்பு ஓட வேண்டும். பாதி மேம்படுத்திய கிளஸ்டரில் நோடு சேர்க்க முயலாதீர்கள். பெரிய பதிப்புகளுக்கு இடையே ஸ்ட்ரீமிங் நடக்காது.

## அறிகுறி: புதிய நோடு தொடங்கியதும் நின்றுவிடுகிறது

சிஸ்டம் லாக்கில் கடைசியாக வரும் விதிவிலக்கைப் படியுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் காரணத்தை அதுவே சொல்லிவிடும்.

"அனேபிள் டு காஸிப் வித் எனி பியர்ஸ்" என்று வந்தால் (காஸிப் என்பது நோடுகள் தங்கள் நிலையை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை)

இந்த வரிசையில் பாருங்கள்:

1. சீட்ஸ் (புதிய நோடு முதலில் தொடர்புகொள்ளும் நோடுகள்) பட்டியலில் உள்ள ஐ.பி.கள் உண்மையில் உயிரோடு இருக்கும் நோடுகளுடையவையா? பல மாதங்களுக்கு முன் நீக்கிய நோடின் முகவரி கட்டமைப்பு வார்ப்புருவில் அப்படியே தங்கியிருப்பது சாதாரணம்.
2. லிஸன் அட்ரஸ் இன்னும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருக்கிறதா? நிறுவியதும் அப்படித்தான் இருக்கும்.
3. போர்ட் 7000 இரு திசையிலும் திறந்திருக்கிறதா? புதியதிலிருந்து பழையதற்குப் போகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். பழையதிலிருந்து புதியதற்கும் என்.சி. (nc) கட்டளை கொண்டு சோதியுங்கள். நோடுகளுக்கு இடையே டி.எல்.எஸ். (குறியாக்கம்) இருந்தால் 3.11-ல் போர்ட் 7001.
4. கிளஸ்டர் நேம் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? இடைவெளியும் பெரிய-சிறிய எழுத்தும் கணக்கில் சேரும்.
5. டி.எல்.எஸ். அமைப்பும் சான்றிதழும் மற்ற நோடுகளோடு பொருந்துகின்றனவா?

சேமித்த கிளஸ்டர் பெயரும் அமைப்பில் உள்ள பெயரும் வேறு என்று வந்தால்

நிறுவியதும் சேவை தானாகத் தொடங்கி, டெஸ்ட் கிளஸ்டர் என்ற பெயரைத் தன் தரவுக் கோப்புறையில் எழுதிவிட்டது. புதிய நோடுதானே, சேவையை நிறுத்தி டேட்டா, கமிட்லாக், ஹிண்ட்ஸ், சேவ்டு கேச்சஸ் நான்கையும் காலிசெய்து மறுபடி தொடங்குங்கள். எந்தக் கணினியில் நிற்கிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை ஹோஸ்ட்நேம் பார்த்துவிட்டு அழியுங்கள்.

அதே முகவரியில் நோடு ஏற்கெனவே இருக்கிறது என்று வந்தால்

அந்த ஐ.பி.யில் முன்பு ஒரு நோடு இருந்தது, முறையாக நீக்கப்படவில்லை. இறந்த நோடுக்கு மாற்றாகவே இதைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் கீழே மாற்று நோடு பகுதிக்குப் போங்கள். இல்லையென்றால் பழையதை முதலில் ரிமூவ்நோடு (இறந்த நோடைக் கிளஸ்டரிலிருந்து நீக்கும் கட்டளை) செய்யுங்கள்.

வேறு நோடு சேர்ந்துகொண்டோ விலகிக்கொண்டோ இருக்கிறது என்று வந்தால்

இது பிழை அல்ல, பாதுகாப்பு. ஒரு நேரத்தில் ஒன்றுதான். முந்தையது யு.என். ஆன பிறகு குறைந்தது 2 நிமிடம் விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கன்சிஸ்டன்ட் ரேஞ்ச்மூவ்மென்ட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கித் தாண்டிப்போகும் குறுக்குவழி உண்டு. அப்படிச் செய்தால் புதிய நோடு, தான் யாருடைய இடத்தைப் பிடிக்கிறதோ அந்த நோடிடமிருந்தேதான் தரவை வாங்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். கடைசியாக எழுதிய சில வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போவது இந்த வழியில்தான்.

## அறிகுறி: யு.ஜே. நிலையிலேயே மணிக்கணக்காக நிற்கிறது

யு.ஜே. நீடிப்பது மட்டும் பிழை ஆகாது. முதலில் கணக்குப் போடுங்கள். 3.11, 4.0 பதிப்புகளில் ஒரு நோடு வெளியே அனுப்பும் வேகத்துக்கு இயல்பான வரம்பு விநாடிக்கு 200 மெகாபிட், அதாவது சுமார் 25 மெகாபைட். 4.1-லும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரே நோடிலிருந்து 1 டெராபைட் வர வேண்டுமானால் 40,000 விநாடி. 11 மணி நேரத்துக்கு மேல். சேரும் நோடு பலரிடமிருந்து ஒரே சமயத்தில் வாங்குவதால் இதைவிட விரைவாக முடியும். ஆனால் "ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, கொன்றுவிடலாம்" என்ற முடிவுக்கு இந்தக் கணக்கு இடம் தராது.

நகர்கிறதா? நெட்ஸ்டேட்ஸை 10 நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஓட்டி, பெற்ற பைட்களை ஒப்பிடுங்கள்.

*நகர்கிறது, ஆனால் மெதுவாக.* நெட்வொர்க்கில் இடமிருந்தால் அனுப்பும் நோடுகளில் நோட்டூல் செட்ஸ்ட்ரீம்த்ரூபுட் 400 என்று ஏற்றுங்கள். மறுதொடக்கம் தேவையில்லை. வரம்பு அனுப்புபவரிடம் இருப்பதால் புதிய நோடில் ஏற்றிப் பயனில்லை; இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்பவர்கள் அதிகம். பழைய நோடுகளில் படிக்கும் தாமதம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். மெட்டீரியலைஸ்டு வியூ உள்ள அட்டவணைகள் வழக்கமான எழுதும் பாதை வழியாகவே உள்ளே போகும். அவை இழுக்கத்தான் செய்யும்.

*பைட் நகரவில்லை, ஆனால் கம்பாக்ஷன் (தரவுக் கோப்புகளை ஒன்றிணைக்கும் வேலை) ஓடுகிறது.* நோட்டூல் கம்பாக்ஷன்ஸ்டேட்ஸில் செகண்டரி இண்டெக்ஸ் அல்லது வியூ கட்டுமானம் தெரிந்தால் காத்திருங்கள். வெறும் கம்பாக்ஷன் நிலுவை என்றால் செட்கம்பாக்ஷன்த்ரூபுட் கூட்டலாம். 3.11-ல் இயல்பு விநாடிக்கு 16 மெகாபைட்தான், எஸ்.எஸ்.டி. உள்ள கணினிக்கு இது மிகக் குறைவு.

*இரண்டும் இல்லை.* லாக்கில் "ஸ்ட்ரீம் ஃபெயில்டு" தேடுங்கள். புதிய நோடில் மட்டும் பார்த்தால் போதாது, அனுப்பும் நோடுகளிலும் பாருங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். மலிவிலிருந்து தொடங்கினால்:

- இடையிலுள்ள ஃபயர்வால் சும்மா இருக்கும் டி.சி.பி. இணைப்புகளை வெட்டுகிறது. லினக்ஸில் கீப்அலைவ் இயல்பாக 7200 விநாடிக்குப் பின்தான் தொடங்கும். ஃபயர்வால் அதற்கு முன்பே இணைப்பை மறந்துவிடும். கீப்அலைவ் டைம் 60, இன்டர்வல் 10, ப்ரோப்ஸ் 3 என்று எல்லா நோடுகளிலும் சிஸ்கண்ட்ரோல் மூலம் வையுங்கள்.
- புதிய நோடில் டிஸ்க் நிறைந்துவிட்டது. டி.எஃப். (df) கட்டளையில் பார்த்தால் தெரியும்.
- திறந்த கோப்பு வரம்பு குறைவு. நோஃபைல் 100000, மேக்ஸ் மேப் கவுண்ட் 1048575 இருக்கட்டும்.
- அனுப்பும் நோடில் ஒரு எஸ்.எஸ்.டேபிள் (டிஸ்க்கில் உள்ள தரவுக் கோப்பு) சிதைந்திருக்கிறது. லாக்கில் கரப்ட் எஸ்.எஸ்.டேபிள் என்று கோப்புப் பெயரோடு வரும். இது டிஸ்க் கெடுவதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நோடின் கர்னல் லாக்கையும் பாருங்கள்.

முதல் மூன்றும் சரிசெய்த பின், 3.11, 4.0 பதிப்புகளில் புதிய நோடில் நோட்டூல் பூட்ஸ்ட்ராப் ரெஸ்யூம் ஓட்டினால் பூட்ஸ்ட்ராப் (சேரும்போது பழைய நோடுகளிடமிருந்து தரவு வாங்குவது) விட்ட இடத்திலிருந்து தொடரும். அது மறுத்தால் நோடை நிறுத்தி, நான்கு கோப்புறைகளையும் காலிசெய்து முதலிலிருந்து தொடங்குங்கள். சேர்ந்து முடியாத நோடை அழிப்பதில் தரவு இழப்பு இல்லை. பழைய நோடுகள் எல்லாவற்றையும் இன்னும் வைத்திருக்கின்றன.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: சிதைந்த எஸ்.எஸ்.டேபிள் ஒன்றுக்கு மேற்பட்ட நோடுகளில் தெரிந்தால்.

## அறிகுறி: சில விநாடிகளில் யு.என். ஆகிவிட்டது, லோட் சில கிலோபைட்தான்

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். எல்லாம் பச்சையாகத் தெரியும். படிக்கும் பயன்பாட்டுக்கு மட்டும் வரிகள் விட்டுவிட்டு வரும். ஸ்டேட்டஸ் வெளியீட்டில் டேட்டாசென்டர் தலைப்புகளை எண்ணுங்கள்.

தலைப்பு இரண்டு வருகிறது. டி.சி. பெயரைத் தவறாக எழுதிவிட்டீர்கள். ராக்டிசி ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. அந்தப் "புதிய" டேட்டாசென்டருக்கு எந்தக் கீஸ்பேஸிலும் (அட்டவணைத் தொகுப்பிலும்) பிரதி ஒதுக்கப்படவில்லை, அதனால்தான் ஒன்றும் வரவில்லை. தரவு இழப்பு இல்லை. டீகமிஷன் செய்து (உயிரோடு உள்ள நோடை முறையாக விலக்கி), காலிசெய்து, பெயரைத் திருத்தி மறுபடி சேருங்கள். பெயரை மட்டும் மாற்றி மறுதொடக்கம் செய்தால் முந்தைய டேட்டாசென்டரோடு ஒத்துவரவில்லை என்று கிளம்ப மறுக்கும், மறுப்பது நல்லதுதான். அந்தச் சோதனையை அணைக்கும் ஃபிளாகைத் தேடிப் போகாதீர்கள்.

தலைப்பு ஒன்றே. புதிய நோடின் சொந்த ஐ.பி. அதன் சீட்ஸ் பட்டியலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். தன்னைத்தானே சீட் என்று நினைக்கும் நோடு பூட்ஸ்ட்ராப் செய்யாது. டோக்கன்களை (தரவு வரம்புகளைப் பிரிக்கும் எண்களை) எடுத்துக்கொண்டு, தரவில்லாமல், அந்த வரம்புகளுக்கு நானே பொறுப்பு என்று அறிவித்துவிடும். ஆட்டோ பூட்ஸ்ட்ராப் ஃபால்ஸ் என்று இருந்தாலும் இதே விளைவுதான்.

செய்ய வேண்டியது:

1. கிளீனப்பைத் தடுங்கள். பழைய நோடுகளில் இருக்கும் பிரதிதான் இப்போது உங்கள் உயிர்நாடி.
2. நோடை அப்படியே அணைத்து அழிக்காதீர்கள். அது யு.என். ஆன நேரத்திலிருந்து எழுதப்பட்ட புதிய தரவு அதில் இருக்கிறது.
3. நோட்டூல் டீகமிஷன் ஓட்டுங்கள். தன்னிடம் வந்ததைப் பழையவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகும்.
4. காலிசெய்து, சீட்ஸ் பட்டியலிலிருந்து அதன் முகவரியை எடுத்து, ஆட்டோ பூட்ஸ்ட்ராப் வரியை நீக்கி, மறுபடி சேருங்கள். பிறகு ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டு ஒன்றாக்கும் கட்டளை).

இதற்கிடையே யாராவது கிளீனப் ஓட்டியிருந்தால் மேற்கொண்டு எதையும் ஓட்டாமல் நிபுணரை அழையுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் அவற்றை அழிக்க வேண்டாம்.

## அறிகுறி: சேர்ந்துவிட்டது, ஆனால் லோட் சமமில்லை

புதியதில் மிகக் குறைவு. ஸ்டேட்டஸில் டோக்கன்ஸ் பத்தியைப் பாருங்கள். டோக்கன் எண்ணிக்கையைச் சொல்லும் அமைப்பின் (num_tokens) இயல்பு 3.11-ல் 256; 4.0-ல் 16. மேம்படுத்திய பழைய கிளஸ்டரில் 256 இருக்க, புதிதாக நிறுவிய நோடு 16-உடன் வந்தால் மற்றவர்களின் பதினாறில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கும். சேர்ந்தபின் இந்த எண்ணை மாற்ற முடியாது. டீகமிஷன், காலி, திருத்தம், மறுசேர்க்கை.

புதியதில் மிக அதிகம். காரணம் ராக் (கணினி அடுக்கு) பெயர். எல்லா நோடுகளும் ராக்1-ல் இருக்கும் கிளஸ்டரில் ரிப்ளிகேஷன் ஃபேக்டர் (பிரதி எண்ணிக்கை) 3 என்று கொள்ளுங்கள். புதிய நோடு மட்டும் ராக்2 என்று வந்தால், வெவ்வேறு ராக்கில் பிரதி வைக்க வேண்டும் என்ற விதிப்படி ஒவ்வொரு வரம்பின் ஒரு பிரதியும் இந்த ஒற்றை நோடின் தலையில் விழும். கீஸ்பேஸ் பெயர் கொடுத்து ஸ்டேட்டஸ் ஓட்டினால் ஓன்ஸ் பத்தியில் 100 சதவீதம் என்று வரும். டிஸ்க் நிறையும் முன் டீகமிஷன் செய்யுங்கள். புதிய ராக் வேண்டும் என்பதே திட்டமானால், ரிப்ளிகேஷன் ஃபேக்டருக்கு இணையான ராக்குகளும் ராக்குக்குச் சம எண்ணிக்கை நோடுகளும் வரும்படி திட்டமிடுங்கள்.

பழையவற்றில் குறையவே இல்லை. கிளீனப் ஓட்டவில்லை, அவ்வளவுதான். சேர்க்க வேண்டிய எல்லா நோடுகளும் சேர்ந்து, ஓரிரு நாள் நலமாக ஓடிய பின், ஒவ்வொரு பழைய நோடிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். கோப்புகளைத் திருப்பி எழுதுவதால் இடையில் கூடுதல் இடம் கேட்கும். இடம் நெருக்கடி என்றால் ஜே 1 (-j 1) கொடுத்து ஒரே வேலையாக ஓட்டுங்கள். ஓட்டியும் டிஸ்க் குறையவில்லை என்றால் லிஸ்ட்ஸ்னாப்ஷாட்ஸ் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டின் ஹார்டுலிங்க் பழைய கோப்புகளை விடாமல் பிடித்திருக்கும்.

## அறிகுறி: சேர்ந்த பிறகு படிக்கும் தாமதம் ஏறிவிட்டது

புதிய நோடின் கம்பாக்ஷன்ஸ்டேட்ஸில் நிலுவை ஆயிரக்கணக்கில் நிற்கும். டிஸேபிள்பைனரி ஓட்டினால் தீரும் என்று நினைப்பதுண்டு. அது கிளையண்ட் இணைப்புகளைத்தான் துண்டிக்கும்; மற்ற நோடுகள் பிரதிக்காக இதனிடம் வந்து படிப்பது நிற்காது. கம்பாக்ஷன் வேகத்தைக் கூட்டிக் காத்திருப்பதே வழி. அடுத்த நோடை இது தணிந்த பிறகு சேருங்கள்.

## அறிகுறி: டீகமிஷன் தொடங்க மறுக்கிறது அல்லது முடியவில்லை

"நாட் எனஃப் லைவ் நோட்ஸ்" என்று மறுத்தால்: 3 நோடு, ரிப்ளிகேஷன் ஃபேக்டர் 3 என்ற அமைப்பில் ஒன்றை எடுத்தால் 3 பிரதிக்கு இடமில்லை. எந்தக் கீஸ்பேஸ் என்பது செய்தியிலேயே இருக்கும். உங்கள் கீஸ்பேஸ் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் சிஸ்டம் ஆத், சிஸ்டம் டிஸ்ட்ரிபியூட்டட் இரண்டையும் பாருங்கள். ஒன்று, முதலில் வேறொரு நோடு சேருங்கள். அல்லது ரிப்ளிகேஷன் ஃபேக்டரைக் குறையுங்கள். ஃபோர்ஸ் கொடுப்பது மூன்றாவது வழி. என்ன இழக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்.

ஓடுகிறது, முடியவில்லை: இங்கே அனுப்புபவர் ஒருவரே. மேலே போட்ட 11 மணி நேரக் கணக்கு இங்கே முழுதாகப் பொருந்தும். விலகும் நோடிலேயே ஸ்ட்ரீம் வேகத்தைக் கூட்டுங்கள். எஸ்.எஸ்.எச். இணைப்பு அறுந்துபோனாலும் டீகமிஷன் நிற்காது. நெட்ஸ்டேட்ஸில் மோட் லீவிங் என்று இருக்கும்.

பாதியில் தோற்றது: பெறும் நோடு ஒன்றில் இடம் தீர்ந்திருக்கும், அல்லது யாரோ ஒன்றை மறுதொடக்கம் செய்திருப்பார்கள். தொடங்கும் முன்பே கணக்குப் பாருங்கள்: தலா 600 ஜிகாபைட் உள்ள 4 நோடுகளில் ஒன்றை எடுத்தால் மீதி மூன்றும் தலா 800 ஆகும். அதற்கு மேல் கம்பாக்ஷனுக்கு இடம் வேண்டும். சைஸ் டியர்டு கம்பாக்ஷன் என்றால் மோசமான வேளையில் தரவளவுக்கு இணையான காலி இடமே தேவைப்படலாம். தோற்ற நோடை மறுதொடக்கம் செய்தால் யு.என். ஆகத் திரும்பும், காரணத்தைத் தீர்த்துவிட்டு டீகமிஷனை மறுபடி ஓட்டலாம். இரண்டாம் முறை போகும் நகல்கள் கம்பாக்ஷனில் ஒன்றாகிவிடும்.

## அறிகுறி: நோடு இறந்துவிட்டது, டி.என். நீங்கவில்லை

மீண்டும் எழுப்ப முடியுமா? 3 மணி நேரத்துக்குள் எழுந்தால் ஹிண்ட்ஸ் (அது இல்லாதபோது மற்ற நோடுகள் அதற்காகக் குறித்துவைத்தவை) போதும். அதைத் தாண்டினால் எழுந்ததும் ரிப்பேர். ஜி.சி. கிரேஸ் (அழித்ததற்கான குறியை வைத்திருக்கும் காலம்) இயல்பாக 864000 விநாடி, அதாவது 10 நாள். அதற்கு மேல் கிடந்ததை எழுப்பவே வேண்டாம். மற்றவர்கள் அழித்து மறந்த வரிகளை அது உயிரோடு கொண்டுவந்து பரப்பும்.

மாற்று நோடு வைக்கிறீர்களா? காலியான கணினியில் ஜே.வி.எம். ஆப்ஷன்ஸ் கோப்பில் ரிப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட் என்ற அமைப்பில் இறந்த நோடின் ஐ.பி.யைக் கொடுத்துத் தொடங்குங்கள். வெறும் ரிப்ளேஸ் அட்ரஸ் வேண்டாம். அதை எடுக்க மறந்தால் அடுத்த மறுதொடக்கத்தில் நோடு கிளம்பாது. இறந்ததிலிருந்து மாற்று முடிவதற்குள் 3 மணி நேரம் தாண்டியிருந்தால் ரிப்பேர் ஓட்டுங்கள். ரிமூவ்நோடு செய்துவிட்டுப் பிறகு புதிதாகச் சேர்ப்பதைவிட இது மேல்: தரவு ஒரே முறைதான் நகர்கிறது.

மாற்று இல்லை, கிளஸ்டரைச் சுருக்குகிறீர்களா? உயிரோடு உள்ள ஏதாவது ஒரு நோடிலிருந்து நோட்டூல் ரிமூவ்நோடு, இறந்ததன் ஹோஸ்ட் ஐ.டி.யுடன். ஐ.பி. கொடுத்தால் ஏற்காது. தொங்கினால் ரிமூவ்நோடு ஸ்டேட்டஸ் யாருக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும். அந்த நோடின் லாக்கைப் பாருங்கள். ரிமூவ்நோடு ஃபோர்ஸ் காத்திருப்பதை மட்டும் வெட்டுகிறது. பிரதி குறைந்த நிலையிலேயே முடிந்துவிடும். அதன்பின் எல்லா நோடுகளிலும் முழு ரிப்பேர் கட்டாயம்.

அஸாஸினேட் கட்டளை தரவை நகர்த்தாது. காஸிப்பிலிருந்து பெயரை மட்டும் அடிக்கும். மற்ற எல்லாம் தோற்ற பின்பே.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: ரிப்ளிகேஷன் ஃபேக்டர் 3 உள்ள கிளஸ்டரில் வெவ்வேறு ராக்குகளில் 2 நோடுகள் ஒரே சமயம் இறந்தால். இரண்டையும் அடுத்தடுத்து ரிமூவ்நோடு செய்வது மிஞ்சிய ஒற்றைப் பிரதியை வைத்து ஆடும் சூதாட்டம். இறந்த கணினிகளின் டிஸ்க்குகளைத் தூக்கி எறியாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள்.

## அறிகுறி: நீக்கிய நோடு இன்னும் எங்கோ தெரிகிறது

காஸிப்இன்ஃபோவில் லெஃப்ட் என்று 3 நாள் தெரிவது இயல்பு. விட்டுவிடுங்கள். அதற்கு மேலும் பயன்பாட்டின் டிரைவர் அந்த முகவரிக்கு இணைக்க முயன்றுகொண்டிருந்தால், முதலில் டிரைவரின் காண்டாக்ட் பாயிண்ட்ஸ் பட்டியலைத் திருத்துங்கள். பிறகு ஒவ்வொரு நோடிலும் தனித்தனியாக சிஸ்டம் பியர்ஸ் அட்டவணையைப் பாருங்கள். அது நோடுக்கு நோடு வேறு. பழைய வரி இருந்தால் அந்த நோடிலேயே அழியுங்கள். 4.0 முதல் பியர்ஸ் வி2 என்று இன்னொன்றும் உண்டு.

நீக்கிய கணினியில் சேவையை யாராவது தொடங்கினால், டீகமிஷன் ஆன நோடு என்று சொல்லிக் கிளம்ப மறுக்கும். ஓவர்ரைடு கொடுத்து உள்ளே விடாதீர்கள். கணினியை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் நான்கு கோப்புறைகளையும் காலிசெய்து புதிய நோடாகச் சேருங்கள். மற்ற நோடுகளின் சீட்ஸ் பட்டியலில் அதன் முகவரி இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள்.